கையடக்க வானொலியும் மன்னார்க் கடலும்

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில் தலைமன்னார் உள்ளது. அதற்கப்பால் இராமர் அணையின் மணற்றிட்டுகளைக் கடந்தால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் நாளிரவு, வட இலங்கையைக் கடந்து வந்த சூறாவளி அவ்வூரை அழித்தது. பயணிகளுடன் சென்ற புகைவண்டியொன்றும் கடலுக்கு இரையாயிற்று. கம்பித் தொடர்புகள் அற்றமையால் வெளியுலகம் இச்செய்தியை அறியத் தாமதமாயிற்று. 2004இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, தொலைபேசிகள் செயலற்ற இலங்கைக் கரைகளிலிருந்து ஹாம் வானொலியாளர் செய்தி அனுப்பி உதவினர்.

ஹாம் வானொலி என்பது ஊதியம் கருதாது, ஆர்வத்தால் நடத்தப்படும் வானொலித் தொடர்பாகும். இலங்கையில் இதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். இன்று ஹாம் வானொலியாளர் கையாளும் சில கையடக்கக் கருவிகள், பேச்சோடு எழுத்துச் செய்தியையும் அனுப்புகின்றன. இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள்களின் துணையால் அறியும் ஜி.பி.எஸ். உறுப்பும் அவற்றினுள்ளேயே அமைந்துள்ளது.

இத்தகைய செய்திகளுக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்னும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான பாப் புரூனிங்கா. அதன் செயற்பாடு எளிது. அனுப்புவோரின் அழைப்புக் குறி, அட்சரேகை, தீர்க்கரேகை, சிறு குறிப்பு ஆகியவற்றைக் கருவி ஒரு பொதியாகக் கட்டுகிறது. அதனை 1200, 2200 ஹேர்ட்ஸ் என்னும் இரு ஒலிகளாக மாற்றி, விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்புகிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியே செல்லும். பொதியுடன் ஒரு சரிபார்ப்பு எண்ணும் செல்வதால், வழியிற் சிதைந்த செய்தியை வாங்கும் கருவி தள்ளிவிடும். புயலிரைச்சலில் எண்களைத் தவறாகக் கேட்கும் இடர் இங்கில்லை.

ஆயினும் அனுப்புவது வேறு, சேர்வது வேறு. குறித்த ஒருவருக்கு எழுதும் செய்தி கிடைத்ததும், அவர் கருவி தானே ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராதவரை செய்தி சேர்ந்ததென்று கொள்ளலாகாது. எல்லோருக்குமாக அனுப்பப்படும் இட அறிவிப்புக்கோ ஒப்புகையே இல்லை.

செய்தி சேராமைக்குப் பெருங்காரணம் பூமியின் வளைவு. இக்கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் இரண்டு மீற்றர் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திற் பிடித்த கருவிக்கு அடிவானம் சுமார் 5 கிலோமீற்றர். எனவே கடற்கரையில் நிற்கும் இருவர் 10 கிலோமீற்றர் வரையே தொடர்பு கொள்ளலாம். மன்னாரோ மலையற்ற சமநிலம். ஆனால் 30 மீற்றர் உயரத்தில் அலைவாங்கி கொண்ட ஒரு நிலையம், செய்தியை வாங்கி மறுபடி அனுப்புமானால், எல்லை ஏறத்தாழ 27 கிலோமீற்றராக நீளும். அத்தகைய நிலையம் பேசாலையில் அமைந்தால், கணக்கின்படி தலைமன்னாரும் மன்னார் நகரமும் அதனுள் அடங்கும். அது மின்கலத்தால் இயங்குமாயின், ஊர் மின்சாரமும் இணையமும் அற்றாலும் தீவுக்குள் செய்தி நடமாடும்.

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையமும், அங்குள்ள கருவி இயங்கும் வேளைகளில், 145.825 மெகாஹேர்ட்ஸில் பொதிகளை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. ஒருமுறை வானைக் கடக்கையில் அது தென்படுவது ஏறக்குறைய பத்து நிமிடமே. ஆதலால் அவசரத்துக்கு அதனையே நம்பியிருத்தல் இயலாது.

பயன்படுத்துவோர் சில நெறிகளை மனங்கொள்ளல் வேண்டும். ஒரே அலைவரிசையைப் பலரும் பகிர்வதால், இட அறிவிப்பை அடிக்கடி அனுப்பினால் பிறர் செய்தி தடைப்படும். நடந்து செல்வோருக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போதும். செய்தியை மறைமொழியில் அனுப்புதல் ஆகாது, யாரும் கேட்கலாம். மீன் விலை பேசும் வணிகத்துக்கும் ஹாம் வானொலி உரியதன்று. படகுகளுக்கு வேண்டியது கடல்சார் வானொலி. அதன் அபாய அழைப்புக்குரியது 16ஆம் அலைவரிசை. ஹாம் கருவி அதற்கு மாற்றாகாது.

பெரும்பாலான கருவிகளில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே ‘நலம்’, ‘நோயாளி’, ‘படகு வேண்டும்’ போன்றவற்றுக்குரிய சுருக்கக் குறிகளை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் நன்று. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன் உரிமம் பெற்றோர் ஒருநாள் கூடி, தலைமன்னார் முதல் மன்னார்ப் பாலம் வரை நடந்து, எங்கெங்கே ஒப்புகை வருகிறது, எங்கே வரவில்லை என்பதைப் படத்திற் குறித்துக்கொள்ளலாம். ஒப்புகை வராத இடங்களே, புயல் வருமுன் உயரமான அலைவாங்கி வேண்டிய இடங்கள்.