கற்பாலங்களின் மலையில் சைக்கிள் பயணம்

கிரீஸின் வடமேற்கு மூலையில் அரிஸ்தி என்றொரு கிராமம். அங்கிருந்து பாப்பிங்கோ கிராமத்துக்குப் போகும் சாலை முதலில் வொய்தொமாத்திஸ் ஆற்றங்கரைக்குச் சரசரவென்று இறங்கும். சைக்கிள் குழுவின் வழிகாட்டி எல்லோரையும் பாலத்தருகே நிறுத்தி, தண்ணீர் குடிக்கச் சொல்வார். காரணம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத் தொடங்கிவிடும். மேலே அஸ்த்ராக்கா பாறைச் சுவர் வழியை மறிப்பதுபோல் நிற்கும்.

இதுதான் ஸாகோரி. பிந்தோஸ் மலைத்தொடருக்குள் 46 கிராமங்கள். சுவர், தெரு, கூரை எல்லாமே கல். 2023-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் இந்தப் பெயர் வெளியே அதிகம் தெரிய வந்திருக்கிறது. ஆனால், காரில் வந்து விக்கோஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஊர்கள் பிடிபடுவதில்லை. சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு ஏற்றமும் காலில் தெரியும். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே மலை எவ்வளவு பெரிய தடையாக இருந்தது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

அந்தத் தடையைத் தாண்டத்தான் பாலங்கள். கீப்பி கிராமத்தைச் சுற்றி மட்டுமே பல இருக்கின்றன. இரு பாறைகளுக்கு நடுவே ஒற்றை வளைவாக நிற்கும் கொக்கோரிஸ் பாலம் 1750-ல் கட்டப்பட்டது. பக்கத்தில் மூன்று வளைவுகள் கொண்ட பிளாகிதா பாலம். 1814-ல் ஒரு மடாதிபதியின் செலவில் கல்லால் எழுந்தது. கழுதைகளும் கோவேறு கழுதைகளும் போவதற்காகக் கட்டியவை இவை. சைக்கிளைக் கையில் தள்ளிக்கொண்டு நடந்தே கடக்க வேண்டும். நல்ல வழிகாட்டி அதில் பிடிவாதமாக இருப்பார்.

இவ்வளவு கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஒட்டோமான் ஆட்சியில் ஸாகோரி மக்கள் வரி செலுத்திவிட்டுத் தங்கள் ஊர்களைத் தாங்களே நிர்வகித்தார்கள். 1868-ல்தான் அந்த உரிமை பறிபோனது. ஆண்கள் ருமேனியாவுக்கும் கான்ஸ்டான்டினோபிளுக்கும் வணிகம் செய்யப் போனார்கள். அங்கே ஈட்டியது பள்ளியாகவும் தேவாலயமாகவும் பாலமாகவும் ஊர் திரும்பியது. ஊருக்கு மேலே இருந்த காடுகளை வெட்டினால் சாபம் என்று விலக்கி வைத்தார்கள். மண்சரிவிலிருந்து வீடுகளைக் காத்தது அந்தக் காடுதான்.

1940-ல் இத்தாலியப் படை அல்பேனியா வழியாக நுழைந்தபோது பிந்தோஸ் மலைப் பெண்கள் வெடிமருந்தை முதுகில் சுமந்து போர்முனைக்கு ஏறினார்கள். பிறகு ஜெர்மன் ஆக்கிரமிப்பு, அதைத் தொடர்ந்து 1949 வரை உள்நாட்டுப் போர். இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள், பள்ளிகள் மூடின. இன்றும் பல ஊர்களில் குளிர்காலத்தில் ஒருசில வீடுகளில்தான் புகை எழும்.

மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் சைக்கிளுக்கு ஏற்றவை. ஏற்றம் பயமுறுத்தினால் மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன்பாகவே வேகத்தைக் குறைப்பது முக்கியம். ஆட்டு மந்தையை நெருங்கினால் காவல் நாய்கள் பாய்ந்து வரும். மிதித்துத் தப்ப நினைக்காதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தால் போதும்.

ஒவ்வொரு ஊரின் நடுவிலும் ஒரு சதுக்கம், பெரும்பாலும் அதில் பெரிய பிளேன் மரம், நிழலில் ஒரு காப்பிக் கடை. மாவும் ஃபேட்டா பாலாடைக்கட்டியும் சேர்த்து மெல்லிதாகச் சுடும் அலெவ்ரோபிட்டா அங்கே சூடாகக் கிடைக்கும். பயண நிறுவனத்தின் வேனில் வரும் பொட்டலச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு அந்தக் கடையைக் கடந்து போவது, என்னைக் கேட்டால், பெரிய தவறு. அந்தக் கடை மூடினால் ஊரின் பொழுதே மூடிப்போகும்.

எனவே, முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரவில் எங்கே தங்குகிறோம்? தினமும் யோவனினா நகரத்து ஓட்டலுக்கே திரும்புவோம் என்றால் வேறு ஏற்பாட்டாளரைத் தேடுங்கள். கிராமத்து வீடுகளில் தங்க வைப்பவரோடு போங்கள்.