கணினியில் ஒரு சொல்லடைவு



நம் பதிப்பாசிரியர்கள் நூலின் இறுதியில் அகர வரிசையில் ஒரு சொல்லடைவு சேர்ப்பதுண்டு. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதை அது காட்டிவிடும். நூல் முழுவதையும் புரட்ட வேண்டுவதில்லை. கணினியின் தேடல் மென்பொருளும் இவ்வாறே இயங்குகிறது. நாம் ஒரு சொல்லை இட்டதும் அது கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில்லை. முன்னரே ஆயத்தம் செய்துவைத்த அடைவைப் பார்த்தே விடை கூறுகிறது. ஆகவே அடைவில் ஏறாத கோப்பு, இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

மும்பைத் தமிழருக்கு இது சிறு செய்தியன்று. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்கே அங்கேயே இலவச வீடு என்பது விதி. அதற்குச் சான்றான பழைய மின்கட்டண ரசீதை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கிறோம். ஆனால் அவ்வாறு சேமித்தது வெறும் படம். அதிலுள்ள எழுத்தை அடைவு பெரும்பாலும் அறியாது, கோப்பின் பெயரை மட்டுமே அறியும். 'ஸ்கேன் 47' என்று விட்டுவிடாமல், 'மின் ரசீது 1998' என்பதுபோல் ஆண்டும் பொருளும் விளங்கப் பெயரிடுதல் வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. எனினும் மங்கிய தாளை அவை பிழையறப் படிக்கும் என்று நம்புவது பேராசை.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. பதினோராம் பதிப்புக்கு மாறியபின், "நேற்றுவரை அகப்பட்ட கோப்பு இன்று காணோமே" என்று திகைப்போர் உளர். பெரும்பாலும் கோப்பு எங்கும் போயிராது. அடைவு புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். ஓர் இரவு கணினியை அணைக்காமல் விட்டுப் பாருங்கள். பின்னும் கிட்டாவிடில், கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, உங்கள் கோப்புறை அதில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று நோக்குங்கள். 'டி' தட்டு பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அதைச் சேர்த்தபின், 'அட்வான்ஸ்டு' என்னும் பகுதியில் 'ரீபில்டு' என்பதை அழுத்தினால் பழைய அடைவு நீங்கிப் புதியது உருவாகும். கோப்பு எதுவும் அழியாது. அடைவை எத்தனை முறையும் ஆக்கிக்கொள்ளலாம். கோப்பு போனால் போனதுதான். எனவே பதிப்பு மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை வெளித்தட்டில் எடுத்து வைப்பது இன்றியமையாதது.

இனி, தமிழுக்கே உரிய இடர் ஒன்று. மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், திரையில் 'அம்மா' என்று தோன்றுவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. தமிழில் தேடினால் அது எங்ஙனம் கிடைக்கும்? தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளையும், 2010-இல் யூனிகோடையும் தரமாக ஏற்றது. பழங்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் காத்து வைப்பதே நன்று.

மாற்றும்போது 'ஸ்ரீ' என்னும் எழுத்தைக் கவனியுங்கள். யூனிகோடில் அதற்கு இருவகை எழுத்துக்கோவை உண்டு. கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஸ்ரீநிவாசன்கள் மலிந்த மாதுங்காப் பட்டியலில் பாதிப் பேர் இதனாலேயே தேடலுக்கு அகப்படாமல் போகக்கூடும். கோப்பு முழுவதிலும் ஒரே வகையாக மாற்றிவிட்டு, அதன்பின் அடைவைப் புதுப்பியுங்கள்.