முத்து இல்லாத முத்து நகர்!

திருநெல்வேலிக்குப் போனால் அல்வா. மணப்பாறைக்குப் போனால் முறுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் பால்கோவா. சரி, முத்து நகருக்குப் போனால்?

'மக்ரூன்' என்று பதில் சொல்பவர்கள் விவரமானவர்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும் சேர்ந்து வாயில் போட்டதும் கரைந்து போகிற சமாசாரம். ஆனால், என் மனைவி கேட்டது ஒரு முத்துமாலை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழும்பூரில் நான் ஏறிய ரயிலுக்கே முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதானே பேர்!

தூத்துக்குடி கடைத்தெருவில் ஒரு நகைக்கடைக்காரர் பளபளவென்று ஒரு சரத்தை எடுத்துப் போட்டார்.

"நம்ம ஊர் முத்துதானே?"

"சைனா சார்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "நம்ம ஊர் முத்து வேணும்னா, நீங்க ஒரு அறுபது வருஷம் முன்னால வந்திருக்கணும்!"

விளையாட்டுப் பேச்சில்லை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல்.

அதற்கு முன்னால் இரண்டாயிரம் வருஷக் கணக்கு இருக்கிறது. (பி.காம். படித்தவனுக்குக் கடலைப் பார்த்தாலும் பேரேடுதான் ஞாபகம் வரும்!) பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் கொற்கை. இன்றைக்கு அங்கே போனால் கடலையே காணோம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பின்வாங்கிவிட, துறைமுகம் காயலுக்கு இடம் மாறியது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் காயலைப் பார்த்த மார்க்கோ போலோ, இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கிடைத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா வராமல் மந்திரம் போடுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரத்துக்கு ஐந்து பர்சென்ட்! இந்தக் கால கன்சல்டன்டுகள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

பிறகு போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள். அப்புறம் இங்கிலீஷ்காரர்கள். எல்லோருக்கும் கண் முத்து மேல். முத்துக் கடல் யாருக்கு என்று நடந்த சண்டையில் பாதுகாப்புத் தேடித்தான் 1530-களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து கிறிஸ்தவர்களானார்கள். அந்தச் சரித்திரத்துக்குச் சாட்சியாக நிற்கிறது பனிமய மாதா பேராலயம். ஆகஸ்ட் 5 திருவிழாவன்று ஊரே அங்கேதான்.

இன்றைய தூத்துக்குடி உப்பிலும் கப்பலிலும் சாப்பிடுகிறது. ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த ஊரில், 1974-ல் திறந்த புதிய துறைமுகத்துக்கு இப்போது அவர் பெயர். கன்டெய்னர் லாரிகள் போடுகிற சத்தத்தில் கடல் சத்தம் கேட்பதில்லை.

கடல் சத்தம் கேட்க வேண்டுமானால் திரேஸ்புரம் போகவேண்டும். அங்கே படகு நிழலில் உட்கார்ந்திருந்தார் ஓர் அண்ணாச்சி. ஐம்பத்தைந்து வயசிருக்கும். சங்கு குளிக்கிறவர். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர்.

"எங்கெருந்து வாரிய தம்பி?" என்று ஆரம்பித்தவர், அப்பாவின் கதைக்குப் போய்விட்டார்.

கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எட்டு பாக ஆழம் என்றால் கிட்டத்தட்ட ஐம்பது அடி. கண்ணாடி கிடையாது, குழாய் கிடையாது. ஒரு நிமிஷ மூச்சில் கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை ஆட்டினால், மேலே படகில் இருப்பவர் இழுக்கவேண்டும்.

"அந்தக் கயித்த யாரு பிடிப்பான்னு நெனைக்கிய? அண்ணன் தம்பி இல்ல... மச்சான்! பொஞ்சாதிகூடப் பொறந்தவன்."

"அதென்ன அண்ணாச்சி?"

"அண்ணன் தம்பி சொத்துல பங்காளி. கயித்த விட்டா அவனுக்கு லாபம். மச்சான் விட்டா, அவன் தங்கச்சில்லா தாலியறுப்பா!"

இதைவிடப் பக்காவான 'இன்டர்னல் கன்ட்ரோல்' எந்த ஆடிட்டிங் புத்தகத்திலும் இல்லை!

கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை அழுகவிட்டு, நாற்றம் தாங்கிக் கழுவிப் பார்க்கவேண்டும். உள்ளே முத்து இருந்தால் லட்சாதிபதி. இல்லையென்றால் வெறும் ஓடு. ஷேர் மார்க்கெட் தோற்றது போங்கள்!

முத்துச் சிப்பிக் குஞ்சுகள் கொஞ்ச நாள் நீரோட்டத்தில் மிதந்துவிட்டு, 'பார்' என்கிற கடலடிப் பாறைத் திட்டுகளில் ஒட்டி வளரும். ஓட்டம் திசை மாறினாலும், மணல் மூடினாலும், மீன்கள் தின்றாலும் அந்த வருஷம் பட்டை நாமம்தான். 1928-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 1955-லிருந்து 1961 வரை வருஷா வருஷம் குளித்தார்கள். அதோடு சரி. அதற்குள் ஜப்பான்காரர்களின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது. நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் 1973-ல் பக்கத்திலேயே வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டியது. ஆனால், ஊர் பிழைக்கிற அளவுக்கு அது தொழிலாகவில்லை.

மிச்சமிருப்பது சங்கு. இங்கே எடுக்கிற சங்கு வங்காளம் போய், கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாக ஏறுகிறது. அதை எடுக்க, கம்ப்ரஸர் காற்றைக் குழாயில் உறிஞ்சிக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. அதிக நேரம் அடியில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியிடும். மூட்டு மூட்டாக வலிக்கும். கைகால் விளங்காமல் போகும். உயிரே போவதும் உண்டு.

"மூச்சடக்கி எறங்குனா, 'போதும், மேல வா'ன்னு ஒடம்பே சொல்லிரும். குழாயில காத்து வந்துக்கிட்டே இருந்தா யாரு தம்பி சொல்லுவா?" என்றார் அண்ணாச்சி.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மூச்சு முட்டியது. நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முத்துக்கு விலைச்சீட்டு தொங்குகிறது. அதை எடுக்க அடக்கிய மூச்சுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

"உங்க பையனும் சங்கு குளிக்கிறாரா?"

"சேச்சே... விடுவனா! ஷிப்பிங் ஆபீஸ்ல கிளார்க்கு. ஏசி ரூமு."

"அப்போ நிம்மதிதான்!"

அண்ணாச்சி சிரித்தார். "எங்க? அவனும் மூச்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கான். என்ன ஒண்ணு... கயிறு மச்சான் கையில இல்ல, மேனேஜர் கையில இருக்கு!"