கடைசலில் பிறக்கும் கருவி

மரத்தைக் கடைந்து பம்பரமும் தொட்டில் கால்களும் உருவாக்கிய கடைசல் தொழில், உலோகத்தைக் கடையும் பொறித்தொழிலாகவும் வளர்ந்துள்ளது. மகிழுந்தைப் பழுதுபார்ப்பதற்கான தனிக்கருவிகள் சிலவற்றை, வீட்டிலுள்ள சிறு கடைசல் எந்திரத்திலேயே செய்துகொள்ள இயலும். கிளட்ச் தட்டை மையப்படுத்தும் தண்டு அதற்குத் தக்க சான்றாகும்.

கிளட்ச் தட்டு, பிளைவீலுக்கும் அழுத்தத் தட்டுக்கும் இடையே அமைவது. மையம் விலகிய நிலையில் மரையாணிகளை இறுக்கிவிட்டால், கியர்பெட்டியின் தண்டு உள்ளே நுழையாது. வலிந்து செலுத்தினால் தட்டு சிதையக்கூடும்.

இதனைத் தவிர்க்கவே இரு விட்டங்கள் கொண்ட படித்தண்டு கடையப்படுகிறது. அதன் முனை, கிராங்க் தண்டின் நுனியிலுள்ள பேரிங்கிலும், அடுத்த படி தட்டின் நடுத்துளையிலும் பொருந்த வேண்டும். துளைகளை வெர்னியர் அளவியால் அளந்து, எளிதில் நுழையுமாறு ஏறத்தாழ 0.05 மி.மீ. குறைத்துக் கடைவர்.

உலோகத்தண்டைச் சக்கில் இறுக்கியபின், கழற்றாமலே இரு படிகளையும் கடைவதுதான் இதிலுள்ள நுட்பம். இடையில் கழற்றிப் பொருத்தினால் இரண்டின் மையங்களும் ஒன்றாமல் போகலாம். மையப்படுத்த வந்த கருவியே மையம் தவறிவிடும்.

மரையாணிகளை இறுக்கியபின் தண்டு தடையின்றி வெளிவருமாயின், தட்டு மையத்தில் அமைந்துள்ளது எனத் துணியலாம்.