திரையும் படமும்: செங்குத்து ஒத்திசைவு ஓர் அறிமுகம்

முன்னுரை

திரையரங்கில் நாம் காணும் அசைவு, விநாடிக்கு 24 நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்பெறுவதால் விளைவது என்பதை அனைவரும் அறிவர். படச்சுருள் வழக்கிலிருந்த காலத்தில், அங்கே படச்சுருளை நகர்த்தியதும் ஒளியைத் திறந்து மூடியதும் ஒரே எந்திரமாகும். ஆதலால் படம் பாதி நகர்ந்த நிலையில் ஒளி பாய்வதற்கு வழியில்லாதிருந்தது. கணிப்பொறி விளையாட்டின் நிலை வேறு. அங்கே படத்தை வரைவது வரைகலை அட்டை, காட்டுவது திரை. இரண்டும் தத்தம் போக்கில் இயங்குவன. இவ்விரண்டையும் இணங்கச் செய்யும் முறையே செங்குத்து ஒத்திசைவு. மாணவர்கள் இதனை ‘வி-சிங்க்’ என வழங்குவர்.

விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் இஃது ஒரு சிறு சொல்லாகவே காணப்படும். ஆயினும் அதன் பொருள் அறியாமல், படம் தடுமாறுவதற்கு அட்டையே காரணம் என்று எண்ணிப் பெரும்பொருள் செலவிடுவோர் உளர். ஆகவே இதன் இயல்பை அறிந்துகொள்வது பயனுடையது.

பெயர்க் காரணம்

பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் எலக்ட்ரான் கற்றையொன்று இடமிருந்து வலமாக வரி வரியாகச் சென்று, மேலிருந்து கீழாகப் படத்தைத் தீட்டும். கீழ் விளிம்பை எட்டியதும் மீண்டும் மேல் மூலைக்குத் திரும்பும். அவ்வாறு திரும்புங்கால் படம் தீட்டப்படாத ஒரு குறுகிய இடைவேளை உண்டாகும். ‘அடுத்த படம் தொடங்குக’ என அப்போது அறிவிக்கும் சைகையே செங்குத்து ஒத்திசைவுச் சைகை. இன்றைய தட்டைத் திரைகளில் கற்றை இல்லை. எனினும் படம் வரி வரியாகவே திரைக்கு அனுப்பப்பெறுவதால், அந்த இடைவேளையும் பெயரும் நிலைத்துவிட்டன.

ஐபிஎம் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட விஜிஏ முறையில், விளையாட்டுகளுக்குப் பெரிதும் பயன்பட்ட 320×200 புள்ளி அமைப்பு விநாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. 1993-இல் வெளிவந்த ‘டூம்’ என்னும் விளையாட்டு விநாடிக்கு 35 படங்கள் என்ற எல்லையைக் கொண்டிருந்தது. அது 70-இன் சரிபாதி என்பது கருதத்தக்கது. ஒவ்வொரு படமும் திரையில் சரியாக இருமுறை தோன்றினால் அசைவு சீராக அமையும்.

கிழிபடும் படம்

60 ஹெர்ட்ஸ் திரை, 16.67 மில்லி விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இதில் மாற்றமில்லை. வரைகலை அட்டையோ அவ்வாறன்று. வெற்று அறையை விரைவில் வரைந்துவிடும். மக்கள் திரண்ட கடைத்தெருவை வரைய நெடுநேரம் எடுத்துக்கொள்ளும்.

அட்டையில் ‘பஃபர்’ எனப்படும் நினைவகப் பகுதிகள் இரண்டு உண்டு. முன்பகுதியில் உள்ள படம் திரைக்குச் செல்லும். பின்பகுதியில் அடுத்த படம் வரையப்படும். வரைந்து முடிந்ததும் இரண்டும் இடம் மாறும். திரை பாதிப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது இம்மாற்றம் நிகழ்ந்தால், மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமும் தோன்றும். விரைந்து பக்கவாட்டில் திரும்புகையில் நேரான தூண் நடுவே முறிந்து விலகி நிற்பதுபோல் தெரிவது இதனாலேயே. இதனைப் படக்கிழிவு எனலாம். செங்குத்து ஒத்திசைவை இயக்கினால், இடைவேளையில் மட்டுமே இடமாற்றம் நிகழும். கிழிவு முற்றிலும் மறையும்.

தவறவிட்ட பேருந்து

ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. 16.67 மில்லி விநாடிக்கு ஒரு பேருந்து புறப்படும் நிலையத்தைக் கற்பனை செய்து கொள்வோம். அட்டை ஒரு படத்தை வரைய 18 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். முதற் பேருந்து சற்று முன்னரே சென்றுவிட்டது. எனவே அப்படம் 33.33 மில்லி விநாடியில் வரும் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். நினைவகப் பகுதிகள் இரண்டே இருப்பின் இரண்டிலும் படம் இருப்பதால், அதுவரை புதிய படத்தை வரையவும் இடமில்லை, அட்டை வாளாவிருக்கும். ஒத்திசைவு இல்லாதபோது விநாடிக்கு ஏறத்தாழ 55 படங்கள் தந்த அதே அட்டை, இப்போது 30 படங்களே தரும். வரைய 35 மில்லி விநாடி ஆயின் எண்ணிக்கை 20 ஆகிவிடும். இடைப்பட்ட எண்களுக்கு இங்கு இடமில்லை. ஒன்றரை மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம், படங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுகிறது!

திரை மாறினால் இக்கணக்கும் மாறும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 6.94 மில்லி விநாடிக்கு ஒரு பேருந்து. ஆகவே 18 மில்லி விநாடியில் முடிந்த படம் 20.83-இலேயே ஏறிவிடும், விநாடிக்கு 48 படங்கள் கிடைக்கும். அட்டை அதேதான், காத்திருப்பு மட்டுமே குறைந்தது.

மூன்றாம் பகுதியும் தாமதமும்

மூன்றாவது நினைவகப் பகுதியொன்றைச் சேர்ப்பது ஒரு தீர்வு. முடிந்த படம் காத்திருக்கையில் அட்டை அடுத்ததை வரையத் தொடங்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் எண்ணிக்கை மீண்டும் 55-ஐ ஒட்டி உயரும். எனினும் 60 புதுப்பிப்புகளில் நான்கைந்தில் பழைய படமே மறுமுறை தோன்றுவதால், சிறு தடுமாற்றம் எஞ்சும்.

அட்டை மிகு விரைவுடையதாயினும் இடர் நீங்குவதில்லை. வரைந்த படங்கள் வரிசையில் காத்திருப்பதால், சுட்டியை அசைத்ததன் விளைவு திரையில் தாமதமாகவே தோன்றும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு புதுப்பிப்பு தள்ளிப்போனால் 16.67 மில்லி விநாடி தாமதம். கதை சார்ந்த விளையாட்டில் இது பொருட்டன்று. இமைப்பொழுதில் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டிகளிலோ இது பெருங்குறையாகும். ஆகவேதான் போட்டியாளர் பலர் கிழிவைப் பொறுத்துக்கொண்டு ஒத்திசைவை நிறுத்திவிடுகின்றனர்.

திரை காத்திருக்கும் முறை

என்விடியா நிறுவனம் 2012-இல், அட்டை பின்தங்கும்போது ஒத்திசைவு தானாகவே விலகிக்கொள்ளும் முறையைத் தந்தது. 2013-இல் அந்நிறுவனம் அறிவித்த ‘ஜி-சிங்க்’ கணக்கையே திருப்பிப் போட்டது: படம் திரைக்காகக் காத்திராமல், திரை படத்துக்காகக் காத்திருக்கும். பயணி வந்தபின் பேருந்து புறப்படுவது போன்றது இது. 2014-இல் வெசா அமைப்பு இத்தகைய முறையை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. ஏஎம்டி நிறுவனத்தின் ‘ஃப்ரீசிங்க்’ திரைகள் 2015-இல் பரவத் தொடங்கின. ஆயினும் ஒவ்வொரு திரைக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு; அவற்றுக்கு உட்பட்டே இவ்வசதி இயங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், செங்குத்து ஒத்திசைவு தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று என்பது விளங்கும். அட்டை திரையின் வேகத்தை எப்போதும் எட்டுமாயின் அதனை இயக்கலாம். சற்றே குறையுமாயின் நிழல், ஒளி முதலிய நுணுக்கங்களைக் குறைத்து எட்டச் செய்யலாம். அல்லது 30 என்ற எல்லையைத் தாமே வகுத்துச் சீர்மை காணலாம். விரைவே முதன்மையாயின் நிறுத்திவிடலாம். புதிய அட்டை வாங்கக் கடைக்குச் செல்லுமுன், திரையின் ஹெர்ட்ஸ் அளவையும் ஒரு படத்துக்கு ஆகும் மில்லி விநாடியையும் அருகருகே எழுதிப் பார்த்தல் நலம். குறை அட்டையிலா, திரையிலா, அன்றி இரண்டின் இணக்கத்திலா என்பதை அவ்விரண்டு எண்களே காட்டிவிடும்.