முறிந்த கோலும் முறியா ஊக்கமும்

ஹாக்கி எனப்படும் வளைகோற் பந்தாட்டத்தைக் குளிர்நாட்டார் பனித்தரையிலும் ஆடுவர். நம் நாட்டார் பெரும்பாலும் திடலில் ஆடுவர். திடல் ஆட்டத்தில் பெரும்புகழ் எய்தியவர் தன்ராஜ் பிள்ளை. அவர் 1968ஆம் ஆண்டில், புனேயை அடுத்த கட்கியில், எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். புதிய கோல் வாங்கப் பொருளின்மையால், முறிந்த கோல்களைப் பிணைத்துக்கொண்டு உடன்பிறந்தாரோடு பயின்றார். விரைந்தோடிப் பந்தைக் கடத்துவதில் இணையற்றவரானார். ஜெர்மனி, மலேசியா முதலிய அயல்நாட்டுக் கழகங்களுக்காகவும் ஆடினார். 1992 முதல் 2004 வரை நடைபெற்ற நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்குகொண்டார். ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. அதனால் அவர் சோர்ந்தாரல்லர். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமை தாங்கிய இந்திய அணி, 32 ஆண்டுகளுக்குப்பின் ஹாக்கியில் தங்கம் வென்றது. கருவி குறைந்தாலும் கற்கலாம். ஊக்கம் குறைந்தால் கற்றல் இயலாது.