துளை இல்லாத சதுரம்

1793இல் லாசாவில் அடித்த வெள்ளிக் காசு இது. நடுவில் சின்னதாக ஒரு சதுரம். துளை என்று நினைத்தால் ஏமாற்றம்தான், வெறும் கோடு. சீனச் செப்புக் காசுகளில் கயிறு கோக்கச் சதுரத் துளை உண்டு. இந்த வெள்ளிக் காசைக் கோக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இது யாருடைய காசு என்று தெரிய வேண்டும் அல்லவா?

சதுரத்தைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள்: சிங் பேரரசர் சியென்லோங்கின் பெயரும், ‘திபெத்தின் நாணயம்’ என்பதும். விளிம்பில், அவர் ஆட்சியின் 58ஆம் ஆண்டு. மறுபுறம் அதே நான்கு சொற்களின் ஒலியைத் திபெத்திய எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பிற்காலத் திபெத்தியத் தங்காக் காசுகளை அழகாக்கும் தாமரையும் எட்டு மங்கலச் சின்னங்களும் இதில் இல்லை.

இந்தக் கறார்த்தனத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே திபெத்தில் பெரும்பாலும் புழங்கியவை காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் மல்ல மன்னர்கள் அடித்த காசுகள். திபெத்திலிருந்து வெள்ளி போகும், காசாகத் திரும்பும். இடையில் லாபம் மல்லர்களுக்கு. போகப்போகச் செம்புக் கலப்படமும் கூடியது. பிறகு கூர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா பள்ளத்தாக்கைப் பிடித்தார். புதிய ஆட்சி நல்ல வெள்ளியில் காசு அடித்தது. பழைய காசின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்றது. பழைய காசைச் சேர்த்து வைத்திருந்த திபெத்தியர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்கள்? வேறு பூசல்களும் சேர்ந்துகொள்ள, 1788இல் சண்டை மூண்டது. 1791இல் கூர்க்காக்கள் ஷிகாட்சேயின் தஷில்ஹுன்போ மடத்தைச் சூறையாடினர். மறு ஆண்டு சிங் படை வந்து அவர்களை நேபாளத்துக்குள் விரட்டியது. அந்தக் கையோடு லாசாவில் நாணயச்சாலைக்கும் உத்தரவிட்டது பெய்ஜிங்.

அந்த நாணயச்சாலையின் விதிகளில் எனக்குப் பிடித்தது கூலிக் கணக்கு. பத்து சோ எடை கொண்டது ஒரு சாங். ஒரு சாங் வெள்ளி கொடுத்தால் ஒன்றரை சோ காசு ஆறு கிடைக்கும். அதாவது ஒன்பது சோ. மிச்சம் ஒரு சோ அடிப்புக் கூலி. செம்பைக் கலந்து லாபத்தை ஒளிக்காமல், கூலியை வெளிப்படையாகவே பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சோ, அரை சோ காசுகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்தன. சுமார் 5.6 கிராம் எடையுள்ள ஒன்றரை சோ காசு 58ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது அதைத்தான்.